ஹால்ஸ்டெட் தெருவில் ஒரு பழைய வீடு: ஜேன் ஆடம்ஸ்

நம் வளாகத்தில் 'பி' பிளாக் தரைத்தளத்தில், ஜிம்முக்கு அடுத்தாற்போல் ஒரு பொது அறை இருக்கிறது. பலருக்கு அது மறந்தே போயிருக்கும். பொங்கல் விழா நாற்காலிகளும் பழைய டியூப் லைட்டுகளும்தான் இப்போது அங்கே குடியிருக்கின்றன. அதை வெளியாருக்கு வாடகைக்கு விடலாமா என்ற பேச்சு அடுத்த பொதுக்குழுவில் வரப்போகிறது. அதைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தபோது ஜேன் ஆடம்ஸ் நினைவுக்கு வந்தார். ஒரு தெருவில் இருந்த ஒரு வீட்டை அக்கம்பக்கத்தார் எல்லோருக்கும் திறந்துவிட்டு, அதிலேயே 45 வருடங்களுக்கு மேல் குடியிருந்தவர் அவர். அவருடைய கதையை இந்த இதழில் பகிர்ந்துகொள்கிறேன்.

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் சீடர்வில் என்ற சிற்றூரில் 1860 செப்டம்பர் 6-ம் தேதி ஜேன் பிறந்தார். அப்பா மாவு மில் முதலாளி, மாநில செனட் உறுப்பினர், ஆபிரகாம் லிங்கனுக்கு அறிமுகமானவர். ஜேனுக்கு இரண்டு வயதாக இருக்கும்போதே அம்மா இறந்துவிட்டார். சிறு வயதில் வந்த காசநோய் முதுகுத்தண்டைத் தாக்கியதால் முதுகு சற்று வளைந்தே இருந்தது. அப்பாவோடு கோயிலுக்குப் போகும்போது, கூனல் உள்ள பெண்ணின் அப்பா என்று அவரை யாரும் நினைத்துவிடக் கூடாதே என்று தள்ளி நடந்த குழந்தை அது.

1881-ல் ராக்ஃபோர்டில் படிப்பை முடித்தார். அதே வருடம் அப்பா திடீரென்று காலமானார். மருத்துவம் படிக்கப் பிலடெல்பியா போனார். உடல்நிலை இடம் கொடுக்கவில்லை, பாதியில் திரும்பினார். கையில் அப்பா விட்டுப்போன சொத்து இருந்தது. வசதி இருக்கிறது, படிப்பு இருக்கிறது, செய்வதற்கு மட்டும் ஒன்றுமில்லை. அந்தக் காலத்து வழக்கப்படி ஐரோப்பாவைச் சுற்றிப் பார்க்கப் போனார். லண்டன் கிழக்குப் பகுதியில் ஒரு சனிக்கிழமை இரவு, விற்காமல் அழுகிய காய்கறிகளை ஏழைகள் ஏலம் கேட்பதையும், வாங்கியதை ஒருவர் அங்கேயே உட்கார்ந்து பச்சையாகத் தின்பதையும் பார்த்தார். ஏலத்துக்காக உயர்ந்த அந்தக் கைகள் வருடக்கணக்கில் அவர் மனதை விட்டுப் போகவில்லை.

1888-ல் மறுபடி லண்டன் போனபோது டாயின்பீ ஹால் என்ற இடத்தைப் பார்த்தார். பல்கலைக்கழகத்தில் படித்த இளைஞர்கள் ஏழைகள் வாழும் பகுதியிலேயே வந்து தங்கி, அக்கம்பக்கத்தாரோடு பழகி, வகுப்புகள் நடத்திக்கொண்டிருந்தார்கள். தான் செய்ய வேண்டியது என்ன என்று ஜேனுக்கு அங்கேதான் பிடிபட்டது.

கல்லூரித் தோழி எல்லன் கேட்ஸ் ஸ்டாரும் அவரும் சிகாகோவில் வீடு தேடி அலைந்தார்கள். ஹால்ஸ்டெட் தெருவில் சார்லஸ் ஹல் என்பவர் 1856-ல் கட்டிய பழைய மாளிகை கிடைத்தது. ஒரு பக்கம் சாராயக்கடை, மறு பக்கம் சவ அடக்கம் செய்து தருபவரின் கடை. முதலில் மாடியும் கீழே ஒரு கூடமும் மட்டும் வாடகைக்கு எடுத்தார்கள். வீட்டுச் சொந்தக்காரரான ஹெலன் கல்வர் என்ற அம்மையார் அடுத்த வருடமே வாடகை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். 1889 செப்டம்பர் 18-ம் தேதி இருவரும் குடிவந்தார்கள். ஹல் ஹவுஸ் பிறந்தது அப்படித்தான்.

அந்த வட்டாரத்தில் இத்தாலியர், ஜெர்மானியர், கிரேக்கர், ஐரிஷ்காரர், போலந்திலிருந்தும் ரஷ்யாவிலிருந்தும் வந்த யூதர்கள் எல்லோரும் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்ந்தார்கள். ஒருவர் பேச்சு இன்னொருவருக்குப் புரியாது. வீடுகள் பலவற்றில் தண்ணீர்க் குழாய் வெளியே முற்றத்தில்தான்.

முதலில் ஆரம்பித்தது மழலையர் பள்ளி. பிறகு வேலைக்குப் போகும் தாய்மார்கள் குழந்தையை விட்டுப்போக ஒரு காப்பகம். மாலையில் பெரியவர்களுக்கு வகுப்புகள், பையன்களுக்கும் பெண்களுக்கும் மன்றங்கள், ஓவியக்கூடம், இசைப்பள்ளி, நாடகம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. இரண்டாம் வருடமே வாரத்துக்கு 2,000 பேர் வந்துபோனார்கள். 1907-க்குள் ஒரு வீடு 13 கட்டடங்களாக வளர்ந்துவிட்டது.

எல்லாமே வெற்றி என்று நினைக்க வேண்டாம். சத்துக் கணக்குப் பார்த்துச் சூப் சமைத்து மலிவு விலையில் விற்க ஒரு பொதுச் சமையலறை திறந்தார்கள். அக்கம்பக்கத்தார் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். அவரவர் ஊர்ச் சாப்பாடு அவரவருக்கு. சத்து இருக்கிறது என்பதற்காக யாரும் நாக்கை மாற்றிக்கொள்வதில்லை. ஆனால் அதோடு திறந்த காபிக் கடை நன்றாக ஓடியது. உட்கார்ந்து பேச ஓர் இடம்தான் ஜனங்களுக்கு வேண்டியிருந்தது. என்ன வேண்டும் என்று நாமே முடிவு செய்யாமல் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதை ஜேன் இப்படிப் பட்டுத்தான் கற்றுக்கொண்டார்.

இன்னொன்றும் பட்டுக் கற்றார். 1893-ல் சிகாகோவில் கடுமையான வேலையில்லாத் திண்டாட்டம். உதவி கேட்டு வந்தவர்களில் ஒருவர், சரக்கு அனுப்பும் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தவர். கால்வாய் வெட்டும் வேலை இருக்கும்போது உதவித்தொகை கிடையாது என்பது விதி. அதை ஜேன் அவரிடம் சொன்னார். தான் எப்போதும் கட்டடத்துக்குள்ளேயே வேலை பார்த்தவன், குளிரில் மண் வெட்டத் தாங்காது என்று அவர் சொல்லிப் பார்த்தார். ஜேன் விதியை விட்டுக்கொடுக்கவில்லை. அவர் போய் இரண்டு நாள் மண் வெட்டினார். நிமோனியா கண்டு ஒரு வாரத்தில் இறந்துபோனார், இரண்டு குழந்தைகளை விட்டுவிட்டு. ஜேன் இதை மறைக்காமல் தன் புத்தகத்தில் எழுதியிருக்கிறார். முப்பது வருடத்துக்கு மேல் வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்து, படிவம் சரியில்லை என்று பலரைத் திருப்பி அனுப்பியவன் நான். இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சற்று நேரம் சும்மா இருந்தேன்.

ஹல் ஹவுஸின் முதல் கிறிஸ்துமஸுக்கு வந்த சிறுமிகளுக்கு மிட்டாய் கொடுத்தார்கள். சில சிறுமிகள் வாங்க மறுத்தார்கள். விசாரித்தால், அவர்கள் மிட்டாய்த் தொழிற்சாலையில் வேலை செய்பவர்கள். ஆறு வாரமாகக் காலை ஏழு மணியிலிருந்து இரவு ஒன்பது வரை மிட்டாயோடு மல்லுக்கட்டி, அதைப் பார்த்தாலே வெறுத்துப் போயிருந்தார்கள். மிட்டாய் கொடுப்பதோடு தன் வேலை முடியாது என்று ஜேனுக்குப் புரிந்தது. 1891-ல் ஹல் ஹவுஸில் தங்க வந்த ஃப்ளாரன்ஸ் கெல்லி வீடு வீடாக, பட்டறை பட்டறையாகப் போய் விவரம் சேகரித்தார். அதன் பலனாக 1893-ல் இல்லினாயில் சட்டம் வந்தது: 14 வயதுக்குக் கீழே உள்ளவர்களைத் தொழிற்சாலையில் வேலைக்கு வைக்கக் கூடாது, பெண்களுக்கு எட்டு மணி நேர வேலை. எட்டு மணி நேரப் பிரிவை 1895-ல் மாநில உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. ஆனாலும் அவர்கள் விடவில்லை.

வேலைக்குப் போகும் இளம்பெண்கள் சேர்ந்து நடத்திய விடுதியின் கதை எனக்குப் பிடித்தது. வேலைநிறுத்தம் வந்தால், அறை வாடகை கட்ட வேண்டிய பெண்தான் முதலில் பணிந்துபோகிறாள் என்று ஒரு கூட்டத்தில் பேச்சு வந்தது. நாமே சேர்ந்து வீடு எடுத்தால் என்ன என்று அந்தப் பெண்களே யோசனை சொன்னார்கள். ஹல் ஹவுஸ் முதல் மாத வாடகையும் மேசை நாற்காலியும் கொடுத்ததோடு சரி. பிறகு வாரச் சந்தா வசூல், கணக்கு, நிர்வாகம் எல்லாம் அவர்களே. அந்த விடுதிக்குக் கட்டடம் கட்ட ஒருவர் 20,000 டாலர் தருவதாக வந்தார். தன்னிடம் வேலை செய்யும் பெண்களுக்குக் குறைந்த கூலி கொடுப்பவர் என்று பெயர் எடுத்தவர் அவர். அந்தப் பணம் வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். நன்கொடை வரவு வைக்கும்போது யாரிடமிருந்து என்றும் பார்க்க வேண்டியிருக்கிறது.

இப்போது நமக்கு ரொம்பப் பழக்கமான விஷயத்துக்கு வருகிறேன்: குப்பை. அந்த வட்டாரத்தில் வீட்டு வாசலில் பெரிய மரப்பெட்டிகளில் குப்பை நிரம்பி வழியும். குழந்தைகள் அதைச் சுற்றித்தான் விளையாடும். ஒப்பந்தக்காரர்கள் ஒழுங்காக அள்ளுவதில்லை. ஹல் ஹவுஸ் மகளிர் மன்றத்தார் சந்து சந்தாகப் போய்ப் பார்த்து, நூற்றுக்கணக்கான புகார்களை எழுதிக் கொடுத்தார்கள். பலன் போதவில்லை. குப்பை அள்ளும் ஒப்பந்தத்துக்கு ஜேனே டெண்டர் போட்டார். டெண்டரைத் தள்ளிவிட்டார்கள். ஆனால் அந்தச் செய்தி ஊரெல்லாம் பரவி, 1895-ல் மேயர் அவரையே 19-வது வார்டின் குப்பை ஆய்வாளராக நியமித்தார். வருடச் சம்பளம் 1,000 டாலர். விடிகாலை ஆறு மணிக்கு எழுந்து குப்பை வண்டிகள் பின்னாலேயே போனார். ஒரு குறுகிய தெருவில் 18 அங்குலக் குப்பைக்கு அடியில் கல் பாவிய தரை தெரிந்தது. அங்கே அப்படி ஒரு தரை இருந்ததே குடியிருந்தவர்களுக்குத் தெரியாது. வீட்டுப் பெண் செய்கிற வேலையா இது என்று அக்கம்பக்கத்துப் பெண்கள் முதலில் முகம் சுளித்தார்கள். நோயாளிக்குப் பணிவிடை செய்வது பெண்ணுக்குத் தகும் என்றால் நோய் வராமல் தடுப்பதும் தகும்தானே என்று அவர் விளக்கினார். நகர வார்டுகளின் இறப்பு விகிதத்தில் மூன்றாம் இடத்தில் இருந்த அந்த வார்டு ஏழாம் இடத்துக்கு இறங்கியது.

குழந்தைகளுக்கு விளையாட இடமும் அப்படித்தான் வந்தது. பக்கத்தில் இருந்த மோசமான ஒண்டுக்குடித்தனங்களின் சொந்தக்காரர் வில்லியம் கென்ட் என்ற இளைஞர். ஹல் ஹவுஸ்காரர்கள் அவருடைய வீடுகளின் நிலையை எடுத்துச் சொன்னார்கள். அவர் அந்த இடத்தையே வாடகையில்லாமல் கொடுத்துவிட்டார். வீடுகளை இடித்து விளையாட்டுத் திடல் ஆக்கினார்கள். சிகாகோவில் பொதுமக்களுக்கென்று வந்த முதல் விளையாட்டுத் திடல் அதுதான். 1899-ல் சிறுவர்களுக்கென்று தனி நீதிமன்றம் சிகாகோவில் வந்தது, அமெரிக்காவிலேயே முதலாவதாக. அதன் பின்னாலும் ஹல் ஹவுஸ்காரர்களின் உழைப்பு உண்டு.

1914-ல் முதல் உலகப் போர் மூண்டது. அடுத்த வருடம் ஹேக் நகரில் கூடிய பெண்கள் மாநாட்டுக்கு ஜேன் தலைமை தாங்கினார். போர் வேண்டாம் என்று நாடு நாடாகப் போய்ப் பேசினார். அதுவரை அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடிய பத்திரிகைகள் தேசத்துரோகி என்ற அளவுக்குத் திட்டின. நன்கொடைகள் குறைந்தன. அவர் பேச்சை மாற்றிக்கொள்ளவில்லை. 1931-ல் அமைதிக்கான நோபல் பரிசு, நிக்கோலஸ் மர்ரே பட்லர் என்பவரோடு பகிர்ந்து, அவருக்குக் கிடைத்தது. அந்தப் பரிசைப் பெற்ற முதல் அமெரிக்கப் பெண் அவர்தான். விழா நாளில் அவர் மருத்துவமனையில் இருந்தார். பரிசுப் பணத்தையும் அமைதி இயக்கத்துக்கே கொடுத்துவிட்டார்.

1935 மே 21-ம் தேதி, 74 வயதில் காலமானார். ஹல் ஹவுஸில் வைத்திருந்த உடலைப் பார்க்க ஆயிரக்கணக்கானவர்கள் வரிசையில் வந்தார்கள். பிறந்த ஊரான சீடர்வில்லில் அடக்கம் நடந்தது.

1960-களில் அந்த இடத்தில் பல்கலைக்கழகம் கட்ட, 13 கட்டடங்களில் பெரும்பாலானவற்றை இடித்துவிட்டார்கள். பழைய மாளிகையும் சாப்பாட்டுக் கூடமும் மட்டும் மிஞ்சி, இப்போது அருங்காட்சியகமாக இருக்கின்றன. ஹல் ஹவுஸ் பெயரில் நகரில் தொடர்ந்து நடந்துவந்த சேவை அமைப்பும் பணமில்லாமல் 2012-ல் மூடப்பட்டது. கணக்கு சரியில்லை என்றால் எவ்வளவு நல்ல நிறுவனமும் நிற்காது. அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

இனி நம் அறைக்கு வருவோம். மாலை ஆறு மணிக்கு மேல் 'பி' பிளாக் லிஃப்ட் பக்கத்துப் படிக்கட்டில் ஒரு பெண் குழந்தை உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவதைப் பார்த்திருப்பீர்கள். நம் வீடுகளில் வேலை செய்யும் ஓர் அம்மாவின் மகள். அம்மா கடைசி வீட்டில் பாத்திரம் தேய்த்து முடிக்கும்வரை அவளுக்கு அந்தப் படிதான் இடம். அதற்கு பத்தடி தள்ளி, பூட்டிய அறையில் நம் நாற்காலிகள் அடுக்கியிருக்கின்றன. வாடகை வந்தால் மெயிண்டனன்ஸில் ஏதோ கொஞ்சம் குறையும் என்பது உண்மை. அந்தக் கணக்கை நானே போட்டும் பார்த்தேன். ஒரு வீட்டுக்கு மாதம் ஒரு காபி காசு தேறும்.

வாரத்தில் மூன்று மாலை மட்டும் அந்த அறையைத் திறந்து வைக்கலாம் என்பது என் யோசனை. பிள்ளைகள் படிக்கட்டும், தனியாக இருக்கும் பெரியவர்கள் வந்து பேசிக்கொண்டிருக்கட்டும். வேறு என்ன வேண்டும் என்று வருகிறவர்களிடமே கேட்டுக்கொள்ளலாம். பொதுக்குழு சம்மதித்தால் சாவியையும் மின்கட்டணக் கணக்கையும் நான் பார்த்துக்கொள்கிறேன்.