பனிமலை வீரர் டென்சிங்

இமயமலைச் சாரலில் ஷெர்ப்பா மக்கள் வாழ்கின்றனர். மலையேற வருவோர்க்குச் சுமை தூக்குதலும் வழிகாட்டுதலும் அவருள் பலர்க்குத் தொழில். அவ்வினத்தவராகிய டென்சிங் நார்கே 1914ஆம் ஆண்டு பிறந்தார். ஏட்டுக் கல்வி பெறும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை.

டார்ஜிலிங்கை அடைந்த அவர், 1935ஆம் ஆண்டு எரிக் ஷிப்டன் தலைமையில் எவரெஸ்டுக்குச் சென்ற குழுவில் சுமையாளாகச் சேர்ந்தார். தோளில் பிறர் சுமை இருந்தது. நெஞ்சில் சிகர வேட்கை இருந்தது. கடுங்குளிரும் சூறைக்காற்றும் அவரைப் பலமுறை திருப்பி அனுப்பின. 1952ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்து வீரர் லாம்பர்ட்டுடன் உச்சியை நெருங்கியும் எய்த இயலவில்லை.

மறு ஆண்டு ஜான் ஹண்டின் குழுவில் ஏழாம் முறையாகச் சென்றார். வழியில் ஹில்லாரி பனிப்பிளவில் வீழ்ந்தார். அவரோடு ஒரே கயிற்றில் பிணைந்திருந்த டென்சிங், கயிற்றை இறுக்கி அவர் உயிரைக் காத்தார். 1953 மே 29ஆம் நாள் முற்பகல் 11.30 மணியளவில் இருவரும் உச்சியை அடைந்தனர். மகள் தந்த பென்சிலையும் இனிப்புகளையும் டென்சிங் பனியில் புதைத்து மலையை வணங்கினார்.

முதலில் உச்சியை மிதித்தவர் யாரென உலகம் வினவிற்று. டென்சிங்கே என்று பலர் ஆரவாரித்தனர். அவரோ, ஹில்லாரியே சில அடி முன் சென்றார் என்னும் உண்மையை 1955ஆம் ஆண்டு தம் வரலாற்று நூலில் வெளியிட்டார். தமக்குரியதல்லாப் புகழை அவர் விரும்பவில்லை.

1954ஆம் ஆண்டு டார்ஜிலிங்கில் இமயமலையேற்றப் பயிற்சிக் கழகம் தோன்றியது. அதன் களப்பயிற்சித் தலைவராய் இளைஞர் பலரை அவர் பயிற்றினார். 1978ஆம் ஆண்டு மலைப்பயண வழிகாட்டு நிறுவனம் ஒன்றையும் நிறுவினார். 1986 மே 9ஆம் நாள் மறைந்தார். சுமையாளாய்த் தொடங்கி ஆசானாய் உயர்ந்த டென்சிங், மலையினும் உயர்ந்தது வாய்மை என்பதை வாழ்ந்து காட்டினார்.