பூதமாக நடித்த நல்ல மனிதர்

அமெரிக்காவில் அக்டோபர் 31-ந் தேதி "ஹாலோவீன்" திருநாள். அன்று குழந்தைகள் பேய் வேடம் போட்டுக்கொண்டு, வீடு வீடாகப் போய் மிட்டாய் கேட்பார்கள். அந்தத் திருநாள் நெருங்கினாலே போதும், பழைய பேய்க் கதைகளை டெலிவிஷனில் பார்க்கப் பலரும் உட்கார்ந்துவிடுவார்கள்.

அந்தக் கதைகளில் மறக்க முடியாத முகம் ஒன்று உண்டு. தட்டையான தலை, கழுத்தின் இரு பக்கமும் ஆணி, பாதி மூடிய கண்கள்!

அந்த முகத்துக்குச் சொந்தக்காரர், போரிஸ் கார்லாப்.

லாரி ஓட்டினார்

அவருடைய உண்மைப் பெயர் வில்லியம் ஹென்றி பிராட். 1887-ம் ஆண்டு நவம்பர் 23-ந் தேதி லண்டனில் பிறந்தார். தந்தை, இந்தியாவில் உப்பு இலாகாவில் வேலை பார்த்தவர். 9 பிள்ளைகளில் இவர்தான் கடைக்குட்டி.

சின்ன வயதில் இவருக்குத் திக்குவாய். அண்ணன்மாரைப் போல இவரும் சர்க்கார் உத்தியோகத்துக்குப் போகவேண்டும் என்று குடும்பத்தார் விரும்பினார்கள். இவருக்கோ நாடகத்தில் ஆசை!

1909-ல் கனடாவுக்குக் கப்பல் ஏறினார். பெயரை மாற்றிக்கொண்டார். ஊர் ஊராகச் சென்று நாடகங்களில் நடித்தார். பிறகு ஹாலிவுட்டுக்குப் போனார். அங்கே சின்னச் சின்ன வேடங்களே கிடைத்தன. வயிற்றுப்பாட்டுக்காக லாரி ஓட்டினார்.

பெயர் இல்லை

1931-ல் "பிராங்கன்ஸ்டீன்" படத்தில் வாய்ப்பு வந்தது. பிணங்களின் உறுப்புகளை ஒட்டி, விஞ்ஞானி ஒருவர் உயிர் கொடுக்கும் பூதம். அதுதான் வேடம். அப்போது கார்லாப்புக்கு 44 வயது ஆகப்போகிறது.

மேக்கப் போடவே தினமும் சுமார் 4 மணி நேரம் ஆயிற்று. கனமான உடை, கனமான பூட்ஸ். அத்தனை சுமையுடன் நடித்ததால் வந்த முதுகுவலி, கடைசிவரை அவரை விடவில்லை. படத்தின் தொடக்கத்தில், பூதமாக நடித்தவரின் பெயருக்குப் பதில் ஒரு கேள்விக்குறியைத்தான் போட்டார்கள்!

படம் வெற்றி பெற்றது. கார்லாப் புகழ் பெற்றார். ஆனால் பட்ட கஷ்டத்தை மறக்கவில்லை. நேரம் காலம் இல்லாமல் வேலை வாங்கப்பட்ட நடிகர்களுக்காக, 1933-ல் சங்கம் அமைத்தவர்களில் அவரும் ஒருவர்.

டெலிவிஷனில்

1957-ல் பழைய பேய்ப் படங்கள் அமெரிக்க டெலிவிஷனுக்கு வந்தன. சினிமா தியேட்டரில் அவற்றைப் பார்த்திராத சிறுவர்கள், வீட்டுக் கூடத்திலேயே கார்லாப்பைக் கண்டு பயந்தார்கள்!

1960 முதல் 1962 வரை "திரில்லர்" என்ற டெலிவிஷன் தொடர் நடந்தது. மொத்தம் 67 கதைகள். ஒவ்வொரு கதையையும் கார்லாப் வந்து அறிமுகம் செய்துவைத்தார். 5 கதைகளில் நடிக்கவும் செய்தார்.

1962-ம் ஆண்டு ஹாலோவீன் சமயத்தில், "ரூட் 66" என்ற தொடரில், மீண்டும் அந்தப் பூத வேடத்தில் தோன்றினார். அப்போது அவருக்கு வயது 74!

குழந்தைகளின் தாத்தா

இவ்வளவு பயமுறுத்தியவர் நிஜ வாழ்க்கையில் எப்படி? மிகவும் சாது. குழந்தைகள் என்றால் உயிர். பால்டிமோர் நகர ஆஸ்பத்திரி ஒன்றில் இருந்த ஊனமுற்ற குழந்தைகளுக்கு, கிறிஸ்துமஸ் தாத்தா வேடத்தில் போய்ப் பரிசுகள் கொடுத்தார். குழந்தைகளுக்கான கதைகளைப் படித்து இசைத்தட்டுகளிலும் பதிவு செய்தார்.

வயதான காலத்தில் நுரையீரல் நோய் வாட்டியது. நடக்கவும் முடியவில்லை. சக்கர நாற்காலியில் வந்து நடித்துவிட்டுப் போனார். நடிப்பை மட்டும் விடவில்லை.

1969-ம் ஆண்டு பிப்ரவரி 2-ந் தேதி, இங்கிலாந்தில் காலமானார். அப்போது அவருக்கு வயது 81.

ஒரு காலத்தில் கேள்விக்குறிக்குள் மறைக்கப்பட்ட அந்தப் பெயரை, இன்று பேய்க் கதை பார்க்கும் யாரும் மறப்பதில்லை.