ஜான் கெமெனி

ஜான் ஜார்ஜ் கெமெனி (மே 31, 1926 – டிசம்பர் 26, 1992) அங்கேரியில் பிறந்த அமெரிக்கக் கணிதவியலாளர், கணினி அறிவியலாளர், கல்வியாளர் ஆவார். தாமஸ் கர்ட்ஸ் என்பவருடன் இணைந்து பேசிக் என்னும் நிரலாக்க மொழியை உருவாக்கியவர் என்ற வகையில் பரவலாக அறியப்படுகிறார்.

இளமை

புடாபெஸ்ட் நகரில் யூதக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். 1940 இல் குடும்பம் நியூயார்க்கில் குடியேறியது. நாட்டைவிட்டு வர மறுத்த அவரது பாட்டனார் பின்னர் யூத இனப்படுகொலையில் மாண்டார். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போதே இராணுவப் பணியின் பொருட்டு லாஸ் அலமோஸ் அனுப்பப்பட்டு, அணுகுண்டுத் திட்டத்தின் கணிப்புப் பிரிவில் ரிச்சர்ட் ஃபெயின்மனின் கீழ் பணியாற்றினார். அங்கு துளையட்டைகளைக் கொண்டு இயங்கும் ஐபிஎம் கணக்கு இயந்திரங்களே இருந்தன. ஒரேயொரு சமன்பாட்டிற்கு எண்முறைத் தீர்வு காண, பலர் இரவு பகலாக வாரக்கணக்கில் உழைக்க வேண்டியிருந்தது. அங்கு ஓராண்டில் முடித்த வேலையைப் பின்னாளில் தம் கல்லூரி மாணவர் ஒருவர் ஒரே பிற்பகலில் முடித்துவிடலாம் என்று அவர் எழுதியுள்ளார்.

1949 இல் அலோன்சோ சர்ச்சின் வழிகாட்டலில் முனைவர் பட்டம் பெற்றார். அக்காலத்தில் ஐன்ஸ்டைனின் கணித உதவியாளராகவும் இருந்தார்.

பேசிக் மொழி

1953 இல் டார்ட்மத் கல்லூரியில் சேர்ந்தார். அங்கு அறிவியல், பொறியியல் பயில்வோர் ஏறத்தாழ கால்பங்கினரே. ஏனையோரே பிற்காலத்தில் அரசிலும் வணிகத்திலும் முடிவெடுப்பவர்களாக வருவர். ஆகவே அவர்களும் கணினியை அறிய வேண்டும் என்று கெமெனியும் கர்ட்ஸும் கருதினர். 1957 இல் வெளிவந்த போர்ட்ரான் அறிவியலாளருக்கு உகந்ததாயினும் தொடக்கநிலை மாணவருக்குக் கடினமாக இருந்தது. முழு எண், பதின்ம எண் என்னும் வேறுபாட்டை மாறியின் முதல் எழுத்தைக் கொண்டு நினைவில் வைக்க வேண்டும். விடையை அச்சிடுவதற்கும் தனியே வடிவமைப்புக் கட்டளை எழுத வேண்டும். பேசிக் மொழியில் இவ்விரண்டும் நீக்கப்பட்டன. எண் எல்லாம் ஒரே வகை. 'பிரின்ட்' என்றால் விடை வந்துவிடும். ஓரிரு விரிவுரைகள் கேட்ட மாணவர் தாமே நிரல் எழுதிச் சமன்பாடுகளுக்குத் தீர்வு காண முடிந்தது.

மொழி எளிதாக இருந்தால் மட்டும் போதாது. துளையட்டைகளைக் கொடுத்துவிட்டு மறுநாள் வரை விடைக்குக் காத்திருக்கும் மாணவர் தம் பிழையிலிருந்து கற்பது அரிது. எனவே பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் நேரப்பகிர்வு முறைமை அமைக்கப்பட்டது. அதன் பெரும்பகுதியை எழுதியவர்கள் இளநிலை மாணவர்களே என்பது குறிப்பிடத்தக்கது. கம்பைலரைக் கெமெனி எழுதினார். மே 1, 1964 அதிகாலை 4 மணிக்கு இரு முனையங்களில் ஒரே நேரத்தில் நிரல்கள் இயங்கிச் சரியான விடை தந்தன.

'கோடூ' கட்டளையால் குழப்பமான நிரல்கள் எழுதும் பழக்கம் வருகிறது என்று எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா போன்றோர் கடுமையாகச் சாடினர். இக்குற்றச்சாட்டில் உண்மை இல்லாமல் இல்லை. சிறு கணினிகளுக்காகப் பிறர் உருவாக்கிய பேசிக் வடிவங்கள் கெமெனிக்கும் உவப்பாக இல்லை. 1983 இல் இருவரும் நிறுவனம் ஒன்றைத் தொடங்கி, வரி எண்கள் தேவைப்படாத ட்ரூ பேசிக்கை உருவாக்கினர்.

பிற பணிகள்

1970 முதல் 1981 வரை டார்ட்மத் கல்லூரித் தலைவராக இருந்தபோதும் வகுப்பெடுப்பதை அவர் நிறுத்தவில்லை. 1972 இல் அங்கு பெண்கள் பட்டப்படிப்பில் சேர்க்கப்பட்டனர். 1979 இல் த்ரீ மைல் தீவு அணு உலை விபத்தை ஆராய்ந்த குழுவிற்குத் தலைமை தாங்கினார். இயந்திரக் கோளாற்றைவிட இயக்குவோரின் பயிற்சிக் குறைவும் நிர்வாகக் குறைபாடுகளுமே முதன்மையான காரணம் என அக்குழு கண்டது.

கெமெனி தமது 66 ஆம் அகவையில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் காலமானார். கர்ட்ஸ் 2024 இல் மறைந்தார்.