கஜானாக் கிராணி தம்புசாமிப் பிள்ளை



இந்த ஆண்டு மலருக்கு ஒரு பெரியவரின் வாழ்க்கை வரலாறு எழுதித் தரும்படி தலைமையாசிரியர் கேட்டார். யாரைப் பற்றி எழுதுவது என்று நான் அதிக நேரம் யோசிக்கவில்லை. அதற்குக் காரணம், பாதி ஆண்டுத் தேர்ச்சி அறிக்கை வாங்க வந்த ஒரு தகப்பனார். கணக்குப் பாடத்தில் மகன் வாங்கியிருந்த புள்ளிகளைப் பார்த்தார். முகத்தில் சிரிப்பே வரவில்லை. படிச்சு என்ன டீச்சர் ஆகப்போகுது, மேலே ஏத்தியா விடப்போறாங்க என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அவருக்குக் கிள்ளான் துறைமுகப் பக்கம் ஒரு சரக்குக் கிடங்கில் 12 வருஷ வேலை. மேற்பார்வையாளர் லீவு போட்டால் இவர்தான் பார்ப்பார். மேற்பார்வையாளர் வேலையை விட்டுப் போனாலும் இவர்தான் பார்ப்பார். புது ஆள் வந்து சேர்ந்ததும் அவருக்கு வேலையைச் சொல்லிக்கொடுத்து, சாவிக்கொத்தைக் கையில் கொடுத்துவிட்டுப் பழைய இடத்துக்கே திரும்பிவிடுவார். இதுவரை மூன்று தடவை இப்படி நடந்துவிட்டதாம். நான் அவருக்குப் பதில் ஒன்றும் சொல்லவில்லை. தெரிந்தால் அல்லவா சொல்வதற்கு? வீட்டுக்குப் போய் இரவெல்லாம் யோசித்தபோது நினைவுக்கு வந்தவர்தான் கே. தம்புசாமிப் பிள்ளை.

பத்துமலைக்குப் போகாத தமிழர் நம் நாட்டில் உண்டா? அந்தக் குகையில் முருகப்பெருமானுக்குக் கோயில் கண்டவர் தம்புசாமிப் பிள்ளை என்பதை நம் பிள்ளைகள் பாடப்புத்தகத்திலேயே படித்திருப்பார்கள். கோலாலம்பூர் ஸ்ரீ மகா மாரியம்மன் கோயிலும் அவர் குடும்பத்துக் கோயிலாகத் தொடங்கியதுதான். ஆகவே அவரை ஒரு பக்திமான், பெரிய பணக்காரர் என்று மட்டுமே நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அவர் முதலில் ஒரு கிராணி. சம்பளத்துக்கு வேலை பார்த்த மனுஷர். இந்தக் கட்டுரை அந்தக் கிராணியைப் பற்றியது.

பிள்ளையவர்கள் 1850-ஆம் ஆண்டு சிங்கப்பூரில் பிறந்தார். அங்கே ராபிள்ஸ் இன்ஸ்டிடியூஷன் என்ற ஆங்கிலப் பள்ளியில் படித்தார். படிப்பு முடிந்ததும் ஜேம்ஸ் கத்ரி டேவிட்சன் என்ற வெள்ளைக்கார வழக்கறிஞரிடம் எழுத்தராகச் சேர்ந்தார். 1875-இல் அந்த டேவிட்சனைச் சிலாங்கூருக்கு முதல் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக நியமித்தார்கள். ரெசிடெண்ட் என்றால் பெயரளவில் சுல்தானுக்கு ஆலோசகர். உண்மையில் நிர்வாகம் முழுவதும் அவர் கையில்தான். புது இடத்துக்குப் போகும் டேவிட்சன், நம்பிக்கையான ஆள் வேண்டும் என்று தம்புசாமியையும் கூடவே கிள்ளானுக்கு அழைத்து வந்தார். அப்போது அவருக்கு வயது 25.

அன்றைய சிலாங்கூரைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். உள்நாட்டுச் சண்டை அப்போதுதான் ஓய்ந்திருந்தது. தலைநகரம் கோலாலம்பூர் அல்ல, நம்ம கிள்ளான்தான். கோலாலம்பூருக்கு ஆற்று வழியாகப் படகில் போகவேண்டும். முதல் ரயில் வண்டி ஓடியதே 1886-இல்தான். 1880-இல் நிர்வாகத்தை மேலே கோலாலம்பூருக்கு மாற்றினார்கள். அடுத்த வருஷமே தீயும் வெள்ளமும் வந்து அந்த அத்தாப்பு ஊரை அழித்தன. அதன் பிறகுதான் செங்கல் வீடு கட்டச் சொல்லி உத்தரவு வந்தது. அந்தச் செங்கல் சுட்ட இடத்துக்குத்தான் பிரிக்பீல்ட்ஸ் என்று பெயர் நிலைத்தது.

இப்படிப்பட்ட ஊரில் கஜானா வேலை என்றால் லேசுப்பட்டதா? அரசாங்கத்தின் பெரிய வருமானமே ஏற்றுமதியாகும் ஈயத்தின் மேல் போட்ட வரிதான். அந்த வரிக் கணக்கு, குத்தகைக் கணக்கு, சாலைக்கும் ரயில் பாதைக்கும் போகும் செலவு, உத்தியோகஸ்தர் சம்பளம் என்று எல்லாமே கஜானா வழியாகத்தான் போகும். தம்புசாமிப் பிள்ளை அங்கே தலைமைக் குமாஸ்தா ஆனார். தோட்டத்து மொழியில் சொன்னால் பெரிய கிராணி.

அதற்கு மேலும் ஒரு படி இருந்தது. மாநிலப் பொருளாளர் என்ற நாற்காலி. அந்த நாற்காலியில் பிள்ளையவர்கள் உட்காராமல் இல்லை. உட்கார்ந்தார். ஆனால் ஆக்டிங். அதாவது தற்காலிகம். கப்பலில் சீமைக்குப் போய்வர மாதக்கணக்கில் ஆகும் காலம் அது. துரை லீவில் போனால் கஜானா நின்றுவிடுமா? வேலை தெரிந்தவர் வேண்டும். வேலை தெரிந்தவர் இவர். துரை திரும்பி வந்தால் நாற்காலி துரைக்கு.

இங்கே கொஞ்சம் நின்று யோசியுங்கள். ஒரு மாநிலத்தின் பணப்பெட்டியை நம்பி ஒப்படைக்கிறார்கள். நேர்மையில் குறை இருந்தால் ஒப்படைப்பார்களா? திறமையில் குறை இருந்தால் திரும்பத் திரும்ப அழைப்பார்களா? பிறகு அந்த நாற்காலி ஏன் நிரந்தரமாகக் கிடைக்கவில்லை? மேல் பதவிகள் வெள்ளைக்காரருக்கு, எழுத்து வேலை மற்றவருக்கு என்பது அன்றைய வழக்கம். ஊரறிந்த வழக்கத்தை யாரும் நோட்டீஸ் அடித்து ஒட்டுவதில்லை.

ஒரு விஷயத்தையும் மறைக்காமல் சொல்லவேண்டும். ரயில்வேக்கும் பொதுப்பணிக்கும் ஆள் வேண்டும் என்று தென்னிந்தியாவிலிருந்து கூலிகளைக் கொண்டுவரும் பொறுப்பையும் அரசாங்கம் பிள்ளையவர்களிடமே கொடுத்தது. அப்படிக் கப்பலேறி வந்தவர்கள் யார்? நம்முடைய பாட்டன் பூட்டன் வழியினர். பிள்ளைக்கு ஏணியின் மேல் படி கிடைக்கவில்லை என்று நாம் வருத்தப்படுகிறோம். தண்டவாளத்துக்குக் கல் சுமந்தவர்களுக்கு ஏணியே கிடையாது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் வரலாறு.

பிறகு அவர் அரசாங்க வேலையை உதறினார். கிராணி வேலையை விட்டுத் தொழிலில் இறங்கினார். சீனச் செல்வந்தர் லோக் இயூவோடு கூட்டுச் சேர்ந்து ரவாங்கில் ஈயச் சுரங்கம் நடத்தினார். லோக் இயூவும் சீனாவிலிருந்து சிறுவனாக வந்து, கடையில் சம்பளத்துக்கு நின்று முன்னுக்கு வந்தவர். ஒரு தமிழரும் ஒரு சீனரும் சேர்ந்து என்ன செய்தார்கள் தெரியுமா? சுரங்கத்துத் தண்ணீரை இறைக்க மின்சாரத்தைக் கொண்டுவந்தார்கள். 1894-இல் ரவாங்கில் மின்சார யந்திரம் ஓடியது. நம் தீபகற்பத்தில் மின்சாரத்தின் கதையே அங்கேதான் தொடங்குகிறது. கோலாலம்பூர் ரயில் நிலையத்துக்கு மின்விளக்கு வந்தது அதற்கு அடுத்த வருஷம். இந்த ஒரு சேதியைப் பிள்ளைகள் மறக்கக்கூடாது என்று என் வகுப்பில் ஒவ்வொரு வருஷமும் சொல்கிறேன். பத்துமலை தெரிந்த அளவுக்கு ரவாங் தெரியவில்லையே என்பது என் குறை.

கஜானாவில் எதற்கு எவ்வளவு வரி, எந்த ஈயம் எங்கே போகிறது, யாருக்கு எவ்வளவு கடன் என்று தினமும் பார்த்து எழுதிய கை அல்லவா? துரை திரும்பி வந்தபோது நாற்காலியைக் கொடுத்தார். கற்ற வேலையைத் திருப்பிக் கேட்க யாராலும் முடியவில்லை. அதற்காக எல்லாரும் வேலையை விட்டுத் தொழில் தொடங்குங்கள் என்று நான் சொல்லமாட்டேன். பிள்ளையவர்களுக்கு ஆங்கிலப் படிப்பு இருந்தது, ரெசிடெண்டின் ஆதரவு இருந்தது, பெரிய இடத்துப் பழக்கம் இருந்தது. வீட்டுக் கடனும் மோட்டார் தவணையும் கட்டும் தகப்பனாரிடம் போய் ராஜினாமா எழுது என்று சொல்வது புத்திசாலித்தனம் ஆகாது.

செல்வம் சேர்ந்த பிறகு அதை எதில் போட்டார் என்பதும் கவனிக்க வேண்டியது. கோயில்களைச் சொல்லிவிட்டேன். பத்துமலையில் 1892 முதல் தைப்பூசம் நடந்துவருகிறது. இன்னொன்று, பள்ளிக்கூடம். கோலாலம்பூரில் விக்டோரியா இன்ஸ்டிடியூஷன் என்ற ஆங்கிலப் பள்ளி 1893-இல் உருவானபோது, லோக் இயூ, காப்பித்தான் யாப் குவான் செங் ஆகியோரோடு பிள்ளையவர்களும் பொருள் கொடுத்து, அறங்காவலராகவும் இருந்தார். மாரியம்மன் கோயிலிலிருந்து அந்தப் பழைய பள்ளிக் கட்டடத்துக்கு நடந்தே போய்விடலாம். குதிரைப் பந்தயத்திலும் அவருக்கு ஆசை உண்டு. பெரிய மனுஷருக்கும் விளையாட்டு வேண்டாமா!

1902-ஆம் ஆண்டு, 52 வயதில் அவர் காலமானார். இரண்டே வருஷம் கழித்து, 1904-இல், அந்த ஊரறிந்த வழக்கம் எழுத்தாகவே வந்துவிட்டது. மலாயா நிர்வாகச் சேவையில் சேர வேண்டுமானால் தாய் வழியிலும் தகப்பன் வழியிலும் கலப்பில்லாத ஐரோப்பியராக இருக்கவேண்டும் என்று விதி செய்தார்கள். பக்கத்தில் இந்தியாவைப் பாருங்கள். அங்கே 1863-லேயே சத்தியேந்திரநாத் தாகூர் ஐ.சி.எஸ். தேர்வில் தேறிவிட்டார். கதவு குறுகல்தான், லண்டனுக்குப் போய்த் தேர்வு எழுதவேண்டும்தான். ஆனாலும் கதவு என்று ஒன்று இருந்தது. இங்கே நன்றாகப் படித்த தமிழ்ப் பையனுக்கும் சீனப் பையனுக்கும் அந்தக் கதவே இல்லை. மலாய்க்காரர்களுக்கு 1910-இல் கீழ்மட்டமாக ஒரு தனிச் சேவையை உண்டாக்கினார்கள். தமிழரும் சீனரும் மலாயா நிர்வாகச் சேவைக்குள் நுழைய 1953 ஆயிற்று. அதுவும் நான்கு மலாய்க்காரருக்கு ஒருவர் என்ற கணக்கில். அதுவரை பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் குடியிருந்த எத்தனையோ குமாஸ்தாக்கள் கோப்புகளை எழுதித் தேய்ந்து, குமாஸ்தாவாகவே பென்ஷன் வாங்கிப் போனார்கள்.

இது நம் ஊர்க் கதை மட்டுமல்ல. அமெரிக்காவில் டோரதி வாகன் என்ற கறுப்பினத்து அம்மையார் இருந்தார். கணக்கில் கெட்டிக்காரர். விமான ஆராய்ச்சிக்கூடத்தில் கறுப்பினப் பெண்களுக்கென்று ஒதுக்கிய தனிக் கணக்குப் பிரிவில் வேலை. 1949-இல் அதன் வெள்ளைக்காரத் தலைவி இறந்ததும், பொறுப்பு இவர் கைக்கு வந்தது. எப்படி? ஆக்டிங்! பதவியை உறுதி செய்ய மேலும் காலம் கடத்தினார்கள். தம்புசாமிப் பிள்ளைக்கும் அந்த அம்மாவுக்கும் நடுவில் அரை நூற்றாண்டும் ஒரு பெருங்கடலும் இருக்கின்றன, வார்த்தை ஒன்றுதான்.

என் தாத்தாவும் தோட்டத்துப் பெரிய கிராணிதான். எந்தத் தோட்டம் என்று இங்கே சொல்ல வேண்டாம். துரை லீவில் போகும்போதெல்லாம் ஆபீஸ் முழுக்க அவர் பொறுப்பு. செக்ரோல் முதல் மருந்துக் கணக்கு வரை அவர்தான் பார்ப்பார். அவர் ஒரு காரியம் செய்துவந்தார். துரையின் வேலையை எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை பார்த்தோம், அதில் என்னென்ன செய்தோம் என்பதை ஒரு நீலக் கட்டை நோட்டில் எழுதி வைப்பார். பல வருஷம் கழித்து அந்த நோட்டைச் சங்கத்தின் மூலம் மேசையில் வைத்தபோது, கொடுக்காமல் விட்ட ஆக்டிங் படியைக் கணக்குப் பார்த்துக் கொடுத்தார்கள். உதவி நிர்வாகி பதவி மட்டும் கடைசிவரை வரவில்லை. அந்தப் பணத்தில்தான் என் அம்மா கிள்ளானுக்கு பஸ் ஏறி இடைநிலைப்பள்ளி படித்தார்.

நீல நோட்டு இன்னும் எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது. அதைப் போன வாரம் கிடங்குக்கார அண்ணனிடம் காட்டினேன். அவர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பார்த்தார். தன் மூன்று தடவைக்கும் தேதி நினைவில் இருக்கிறதா என்று விரல் விட்டு எண்ணினார். இரண்டுக்குத் தெரிந்தது, ஒன்றுக்குத் தெரியவில்லை. பழைய சம்பளச் சீட்டுகளைத் தேடிப் பார்க்கிறேன் டீச்சர் என்று சொல்லிவிட்டுப் போனார்.

இன்றைய பரிசளிப்பு விழாவில் கணக்குப் பாடத்தின் முதல் பரிசு அவர் மகனுக்குத்தான். கிடங்கில் இந்த வாரம் இவருக்கு மறுபடியும் ஆக்டிங். லீவு கிடைக்குமோ என்னவோ. பெயர் கூப்பிடும்போது நானும் வாசல் பக்கம் பார்த்துக்கொண்டுதான் இருப்பேன்.