சமாதானம் கண்ட வீர்சந்த் காந்தி

1893-ஆம் ஆண்டு சிகாகோ சர்வ சமயப் பேரவையில் ஜைன தருமத்தை எடுத்துரைத்த வீர்சந்த் ராகவ்ஜி காந்தியை நாம் அறிவோம். அதற்கு ஏழாண்டுகள் முன்னர் அவர் ஆற்றிய அரும்பணியை நம்மில் பலர் அறியோம்.

அவர் 25-8-1864 அன்று குஜராத்தின் மகுவா நகரில் பிறந்தார். 1884-இல் பம்பாயில் பட்டம் பெற்றார். மறு ஆண்டே, 21-ஆம் வயதில், இந்திய ஜைன சங்கத்தின் கௌரவச் செயலாளரானார்.

அந்நாளில் சத்ருஞ்சய மலைக்குச் செல்லும் யாத்திரிகர் ஒவ்வொருவரிடமும் பாலிதானா மன்னர் இரண்டு ரூபாய் வரி பெற்றார். ஏழைகளுக்கு அது பெருஞ்சுமை. மன்னர்க்கும் சுவேதாம்பர மக்களுக்கும் பகை முற்றியது. மன்னர்மீது மன்னரிடமே முறையிடுவது எங்ஙனம்? வீர்சந்த் பம்பாய் ஆளுநர் ரே பிரபுவையும் கத்தியவார் அரசியல் அதிகாரி கர்னல் வாட்சனையும் அணுகினார். அவர்தம் முன்னிலையில் 1886-இல் உடன்படிக்கை எழுதப்பெற்றது. தலைவரி ஒழிந்தது, அதற்கீடாக ஆண்டுதோறும் 15,000 ரூபாய், நாற்பது ஆண்டுகளுக்கு, ஜைனர்கள் செலுத்துவதென முடிவாயிற்று. மன்னர்க்கு நிலையான வருவாய். ஏழைக்குத் தடையற்ற தரிசனம்.

பின்னர்ச் சம்மேத சிகரத்தில் பன்றிக்கொழுப்புத் தொழிற்சாலை எழுந்தபோது வழக்கே வழியாயிற்று. கல்கத்தா சென்று, வங்க மொழி கற்று, ஆவணங்களை ஆராய்ந்து தலத்தின் புனிதம் காத்தார். 7-8-1901 அன்று, 37 வயது நிறையுமுன்னரே மறைந்தார்.

பாகப்பிரிவினைக்காக நீதிமன்ற வாயிலில் தலைமுறைகளைக் கழிக்கும் குடும்பங்களை நாம் காண்கிறோம். பொதுவானவர் ஒருவரை நடுவே அமர்த்தி, தொகையையும் காலத்தையும் எழுத்தில் வரையறுத்தால் உறவு பிழைக்கும். பகையை வளர்க்காமையும் அஹிம்சையே அன்றோ!