எழுத்தும் அமானிதமே: பா. தாவூத்ஷா

 

இன்று ஜும்ஆவில் தமிழில் பயான் கேட்டுவிட்டு வந்து இதைப் படிக்கிறீர்கள். நூறாண்டுகளுக்கு முன் நம் காவிரிக்கரை ஊர்களில் நிலைமை வேறு. வயலிலும் வெற்றிலைக் கொடிக்காலிலும் வேலை முடித்து, குளித்துவிட்டு வந்து ஸஃப்பில் உட்கார்ந்தவருக்கு, கதீப் கிதாபைப் பார்த்து ஓதும் அரபி குத்பா காதில் விழும், பொருள் எட்டாது. அப்படியே எழுந்து போவார். அதற்கு யார் பொறுப்பு? வயலில் கிடந்தவரா, படித்துவிட்டு வாய் திறக்காமல் இருந்தவரா?

படித்தவர்தான் பொறுப்பு என்று எண்ணி, அந்தச் சுமையைத் தன் தலையில் ஏற்றிக்கொண்டவர் பா. தாவூத்ஷா. 1885ல் தஞ்சை மாவட்டம் கீழ்மாந்தூரில் பிறந்தார். கும்பகோணத்தில் படித்தார், பட்டம் பெற்றார், சப் மாஜிஸ்திரேட் ஆனார். வெள்ளைக்காரன் காலத்தில் அந்த நாற்காலிக்கு இருந்த மதிப்பைச் சொல்லவே வேண்டாம். கிலாஃபத், ஒத்துழையாமைப் போராட்டம் சூடுபிடித்த 1921ல் அதை உதறிவிட்டு வந்தார்.

பிறகு அவர் வாழ்க்கை ‘தாருல் இஸ்லாம்’ பத்திரிகைதான். முஸ்லிமுக்கு நல்ல தமிழ் வராது என்ற ஏளனம் அவரைச் சுட்டது. இதழில் எழுத்துப் பிழை கண்டுபிடித்துச் சொல்பவருக்குப் பரிசு என்றே அறிவித்தார். மார்க்கத்தைச் சொல்லும் எழுத்தில் கவனக்குறைவு கூடாது என்பதில் அவ்வளவு பிடிவாதம். (வாட்ஸ்அப்பில் வந்ததைப் படிக்காமலே பகிரும் நமக்கு இது கொஞ்சம் உறைக்க வேண்டும்.)

குத்பா தமிழில் வேண்டும், குர்ஆனின் பொருள் தமிழில் வேண்டும் என்றார். உலமாக்களில் பலர் கொதித்தார்கள். காஜா கமாலுத்தீனின் வோக்கிங் மிஷனோடு அவருக்கிருந்த தொடர்பு சந்தேகத்தை இன்னும் வளர்த்தது. குஃப்ர் ஃபத்வாவும் வந்தது. அந்த அச்சத்தை வெறும் பொறாமை என்று நாம் தள்ளிவிட முடியாது. மார்க்கத்தைக் காக்க வேண்டிய பொறுப்பு அவர்களுக்கும் இருந்தது. அவருடைய எல்லாக் கருத்தையும் நாம் ஏற்க வேண்டியதும் இல்லை. பதில் எழுதும்போது அவர் பேனாவிலும் காரம் கூடுதல்தான். ஆனால் ஃபத்வாவுக்குப் பயந்து பேனாவை மூடி வைக்கவில்லை.

அபுல்ஹஸன் துப்பறியும் கதைகள் எழுதினார், ஆயிரத்தோரு இரவுகளைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். முதுமையில் ‘குர்ஆன் மஜீத்’ பொருளுரை, விரிவுரைப் பணியில் மூழ்கினார். 1969 பிப்ரவரி 24ல் வஃபாத்தானார்கள். அல்லாஹ் அவர்களின் பிழைகளைப் பொறுத்தருள்வானாக, ஆமீன்.