தூங்கினாலும் மூடாத கண்! யார் இந்த ஐடா லுப்பினோ?

நள்ளிரவு. வெட்டவெளியில் 3 பேர் படுத்திருக்கிறார்கள். இருவர் பிணையாளிகள், ஒருவன் கையில் துப்பாக்கி. அவனுடைய ஒரு கண் மூடவே மூடாது. தூங்குறானா, முழிச்சிருக்கானா? எப்படித் தப்பி ஓடுவது?

1953இல் வந்த 'தி ஹிட்ச்-ஹைக்கர்' படத்தின் காட்சி இது. 6 பேரைக் கொன்ற பில்லி குக்கின் உண்மைக் கதையிலிருந்து உருவானது.

இருளும் குற்றமும் நிறைந்த இத்தகைய கறுப்பு-வெள்ளைப் படங்களுக்கு 'ஃபிலிம் நுவார்' என்று பெயர். பெரும்பாலும் ஆண்களே அவற்றை இயக்கிய காலத்தில், இதை இயக்கியவர் ஒரு பெண்.

ஐடா லுப்பினோ 1918இல் லண்டனில் கலைக் குடும்பத்தில் பிறந்தவர். ஹாலிவுட்டில் பெரிய நட்சத்திரம். 'ஹை சியரா' (1941) படத்தில் ஹம்ஃப்ரி போகார்ட்டுக்கும் முன்னால் இவர் பெயர்தான் வந்தது!

ஆனால் பிடிக்காத வேடம் என்றால் மறுத்துவிடுவார். வார்னர் பிரதர்ஸ் அவரை இடைநீக்கம் செய்தது. சும்மா இருந்தாரா? இல்லை. படப்பிடிப்புகளுக்குப் போய், இயக்குநர்கள் வேலை செய்வதைக் கவனித்தார்.

பிறகு கணவருடன் சொந்தமாகப் படம் எடுக்க இறங்கினார். திருமணமாகாமல் தாயாகும் பெண்ணின் கதை, 'நாட் வான்டெட்' (1949). அந்நாளில் யாரும் வெளிப்படையாகப் பேசாத விஷயம். இயக்குநருக்குத் திடீரென மாரடைப்பு. ஐடாவே இயக்கினார். ஆனால் இயக்குநராகத் தம் பெயரைப் போட்டுக்கொள்ளவில்லை.

பின்னர் தொலைக்காட்சிக்கும் போனார். 'தி டுவைலைட் ஸோன்' முதல் தொடரில் ஓர் அத்தியாயத்தை இயக்கிய ஒரே பெண் இவர்தான். 1995இல், 77 வயதில் காலமானார்.

'தி ஹிட்ச்-ஹைக்கர்' வெறும் 71 நிமிடம்தான். ராத்திரியில் தனியாகப் பார்க்க வேண்டாம்!